ஆய்வு மாணவர் குழு ஏன் மூன்றாம் மாதத்தில் கரைந்துபோகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: கோலாலம்பூரில் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறீர்கள். மலாயாப் பல்கலைக்கழகம், செர்டாங், தஞ்சோங் மாலிம் என மூன்று இடங்களில் படிக்கும் தமிழ் ஆய்வு மாணவர்கள் 23 பேரைச் சேர்த்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு குழு தொடங்கினீர்கள். முதல் சனிக்கிழமை 14 பேர் வந்தார்கள், மூன்றாம் மாதத்தில் மூன்று பேர். இப்போது அதில் பண்டிகை வாழ்த்தும் கருத்தரங்கு அறிவிப்பும் மட்டுமே ஓடுகின்றன. நம் ஆள்களுக்கு ஆர்வம் இல்லையா, மறுபடி தொடங்கலாமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில் போகிறபோக்கில் இன்னொன்றையும் கேட்டிருக்கிறீர்கள்: முடியாத ஆய்வை மற்றவர்களிடம் காட்டுவது பாதுகாப்பானதா? எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. ஆர்வம் போனதால் ஆள் குறைந்ததாகத் தெரியவில்லை. பயந்துகொண்டு யாரும் எதையும் காட்டவில்லை. பார்க்க ஒன்றுமில்லாத கூட்டத்துக்காகச் சனிக்கிழமை காலையை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஆய்வு மாணவர்களின் எழுத்தையும் வைவா எனும் வாய்மொழித் தேர்வுக்கான பயிற்சியையும் தொழிலாகக் கவனிப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். எது உறுதி, எது என் கணிப்பு என்பதை அங்கங்கே பிரித்துக் காட்டுகிறேன்.

எண்ணிக்கையில் எனக்குச் சந்தேகமே இல்லை. 23 பேர் அதிகம். மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1913இல் வெளியிட்ட முடிவு ஒன்று இன்றும் உளவியல் பாடங்களில் வருகிறது: ஒரே கயிற்றை இழுப்பவர்களின் எண்ணிக்கை கூடக்கூட, ஆளுக்கு இழுக்கும் பலம் குறைகிறது. 1970களில் இதை மறுபடி சோதித்தவர்கள், ஒருவரின் கண்ணைக் கட்டி, பின்னால் வேறு ஆள்களும் இழுப்பதாக நம்பவைத்து, உண்மையில் அவரைத் தனியாகவே இழுக்கவிட்டார்கள். அப்போதும் பலம் குறைந்தது. ஒருவர்மேல் ஒருவர் இடிபடுவதும் தாளம் பிசகுவதும் மட்டும் காரணமல்ல, மற்றவர் இழுத்துக்கொள்வார் என்ற நினைப்பும் காரணம் என்று அதிலிருந்து தெரிந்தது. புலனத்தில் 23 பேருக்கு ஓர் அத்தியாயத்தை அனுப்பினாலும் அதுவே நடக்கும். கட்டைவிரல் பத்து விழும், கருத்து ஒன்றும் வராது.

ஐந்து அல்லது ஆறு பேர் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இங்கே ஒரு செமஸ்டரில் பாடவாரங்கள் பெரும்பாலும் 14. இரண்டு வாரத்துக்கு ஒரு கூட்டம் என்றால் ஏழு கூட்டங்கள். ஒரு கூட்டத்தில் இருவர் எழுத்தைப் பார்த்தால் 14 முறை கிடைக்கும். ஆறு பேர் என்றால் ஆளுக்கு இரண்டு முறை போக இரண்டு முறை மிச்சம். அதை யாருக்காவது புரொபோசல் டிஃபென்ஸோ (ஆய்வு முன்மொழிவைக் குழு முன் விளக்கும் அமர்வு) வைவாவோ வரும்போது ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளலாம். எட்டுப் பேர் என்றால் ஆளுக்கு இரண்டு முறைகூட வராது. தன் முறை மூன்று மாதத்துக்குப் பிறகுதான் என்று தெரிந்தவர் இன்றைய கூட்டத்தைத் தாராளமாகத் தவறவிடுவார். நான்கு பேருக்குக் கீழே போனால் வேறு சிக்கல்: ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குச் சொந்தக்காரர் கல்யாணம் என்றால் அன்றைக்குக் கூட்டமே இல்லை.

யாரைச் சேர்ப்பது என்பதில் உறுதி குறைவு. ஒரே துறைக்காரர்கள் நல்லதா, கலவை நல்லதா என்று கேட்டால் இரண்டுக்கும் வாதம் உண்டு. ஒரே துறை என்றால் உள்ளடக்கத்தில் ஆழமான கருத்துக் கிடைக்கும், போட்டியும் ஒளிவுமறைவும் கூடவே வரும். கலவை என்றால் தமிழ் இலக்கியம் படிப்பவருக்கு உயிர்த்தொழில்நுட்பம் விளங்காது, ஆனால் அவர் "இந்த வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் என்ன தொடர்பு?" என்று கேட்பார். மேற்பார்வையாளர் அதைக் கேட்பதில்லை. அவருக்கு அந்தத் தொடர்பு முன்னமே தெரியும். என் கணிப்பில் துறையைவிடக் கட்டம் முக்கியம். முன்மொழிவு எழுதுபவர், களப்பணியில் இருப்பவர், ஆய்வேட்டை முடிப்பவர் மூவரையும் ஒரே குழுவில் போட்டால் முடிப்பவர் சீக்கிரம் ஆசிரியராகிவிடுவார், மற்றவர்கள் மாணவர்களாகிவிடுவார்கள். ஓராண்டு முன்பின் இருப்பவர்களாகப் பார்த்துச் சேருங்கள். பகுதி நேரமாகப் படிக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களையும் முழுநேர மாணவர்களையும் கலக்கலாம். ஆனால் நேரத்தை ஆசிரியர்களின் வசதிக்கு வைக்க வேண்டும், முழுநேரக்காரர்கள் அனுசரித்துப் போவது எளிது.

இனி முக்கியமானது, கூட்டத்தில் மேசைமேல் என்ன இருக்க வேண்டும் என்பது. "இந்த வாரம் என் ஆய்வைப் பற்றிப் பேசுகிறேன்" என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். பேச்சில் எல்லா ஆய்வும் நன்றாகத்தான் இருக்கும். எழுதிய பக்கங்கள் வேண்டும். எட்டுப் பக்கம், இரட்டை வரி இடைவெளி. ஆங்கிலத்திலோ மலாயிலோ ஏறக்குறைய 2,000 முதல் 2,400 சொல் வரும். கவனமாகப் படித்துக் குறிப்பெழுத ஒருவருக்கு 40 நிமிடம் பிடிக்கும். இருவருடையது என்றால் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதற்குமேல் கேட்டால் படிக்காமல் வருவார்கள், படிக்காமல் வந்தவர் பொதுவாகப் பேசுவார், அந்தப் பொதுப்பேச்சுதான் குழுவைக் கொல்கிறது. சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் புதன் இரவுக்குள் அனுப்பிவிட வேண்டும். தவறினால் அந்த முறை போய்விட்டது, வெள்ளிக்கிழமை நள்ளிரவில் வந்ததைப் படிக்கும் கடமை யாருக்கும் இல்லை. இதில் மட்டும் இரக்கம் காட்டாதீர்கள்.

அனுப்புவது பிடிஎஃப் ஆக இருக்கட்டும், வரி எண்களோடு. வேர்டில் பக்க அமைப்புப் பகுதிக்குப் போனால் வரி எண்ணைத் தொடர்ச்சியாகப் போடும் வசதி இருக்கிறது. "மூன்றாம் பக்கத்தில் நடுவில், அந்தப் பெரிய பத்தி" என்று ஆளாளுக்குத் தேடும் நேரம் மிச்சமாகும். தமிழில் ஆய்வேடு எழுதுபவர்களுக்கு பிடிஎஃப் இன்னும் அவசியம். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் கிடக்கும் பழைய மேற்கோள்கள் அடுத்தவர் திறன்பேசியில் புரியாத குறிகளாகத்தான் தெரியும். அந்தப் பக்கங்களுக்கு முன் நாலைந்து வரியில் ஒரு முகப்புக் குறிப்பு இருக்க வேண்டும். மாதிரிக்கு ஒன்று: "இது மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பகுதி, ஆய்வு முறை. நேர்காணல் கொடுத்தவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பது 40 முதல் 75 வரை உள்ள வரிகளில் இருக்கிறது. அதைப் படித்தபின், ஏன் 18 பேரோடு நிறுத்தினேன் என்று உங்களுக்கு விளங்குகிறதா? எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், இன்னும் திருத்தவில்லை." இந்தக் குறிப்பில் கேள்வி ஒன்றோ இரண்டோதான் இருக்கலாம். "எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்று அனுப்புபவருக்கு "நல்லா இருக்கு" என்ற பதில்தான் வரும்.

கூட்டம் 90 நிமிடம். முதல் பத்து நிமிடம் சுற்றிவருதல்: ஆளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் இல்லாமல், போன இரண்டு வாரத்தில் என்ன முடிந்தது, எது நின்றது, அடுத்து என்ன என்று மட்டும். பிறகு இரண்டு எழுத்துக்கு 35 நிமிடம் வீதம் 70. கடைசிப் பத்து நிமிடத்தில் அடுத்த முறைக்காரரையும் தேதியையும் உறுதிசெய்து எழுதிவையுங்கள். ஒருவர் கடிகாரம் பார்க்க வேண்டும், அந்த வேலை ஒவ்வொரு கூட்டத்திலும் கை மாற வேண்டும். பெரும்பாலான குழுக்கள் பிசகுவது அந்த முதல் பத்து நிமிடத்தில்தான். மேற்பார்வையாளர் மின்னஞ்சலுக்குப் பதில் போடவில்லை, படிவம் தொலைந்துவிட்டது, உதவித்தொகை தாமதம் என்று ஒருவர் தொடங்கினால் மற்றவர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கும், ஒரு மணி நேரம் போனதே தெரியாது. அன்றைக்கு மனசுக்கு இதமாகத்தான் இருக்கும். நாலு வாரம் இப்படிப் போனால், வந்து புலம்பிவிட்டுப் போனோம், வேலை ஒன்றும் நடக்கவில்லை என்ற எண்ணம் வந்துவிடும். புலம்பலுக்குத் தடை போடச் சொல்லவில்லை. கூட்டம் முடிந்து மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கும்போது எவ்வளவு வேண்டுமானாலும் புலம்பலாம்.

கருத்துச் சொல்லும் முறைக்கு, நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் உருவாக்கிய நான்கு படிமுறை ஆய்வெழுத்துக்கும் நன்றாகப் பொருந்துகிறது. முதலில், படித்தவர்கள் தங்களுக்கு எது மனத்தில் நின்றது என்று சொல்கிறார்கள். இரண்டாவது, எழுதியவர் தன் கேள்விகளைக் கேட்கிறார். மூன்றாவது, படித்தவர்கள் கருத்தை உள்ளே ஒளித்துவைக்காத கேள்விகளைக் கேட்கிறார்கள். நான்காவதாகத்தான் அபிப்பிராயம், அதுவும் "இந்த இடத்தைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, சொல்லலாமா?" என்று அனுமதி கேட்ட பிறகு. பார்க்கச் சம்பிரதாயம் போலத் தெரியும். மூன்றாம் படிதான் இதன் உயிர். "இன்னும் ஆழமாகப் போகலாம்" என்று ஒருவர் சொன்னால் எழுதியவருக்குக் கையில் ஒன்றும் கிடைப்பதில்லை. அதற்குப் பதில் "52ஆம் வரியில் 'போதுமான தரவு கிடைத்ததும் நிறுத்தினேன்' என்கிறீர்கள். எத்தனையாவது நேர்காணலில் புதிதாக ஒன்றும் வரவில்லை என்று பட்டது? அதை எங்கே குறித்துவைத்தீர்கள்?" என்று கேட்டால், எழுதியவர் தன் களக்குறிப்பைத் தேடுவார். குறிப்பு இருந்தால் அந்த வரி ஒரு பத்தியாக வளரும். இல்லையென்றால், வைவாவில் தேர்வாளர் இதையே கேட்கும் முன்னால் அவருக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது.

நம்மிடையே இந்த முறைக்குத் தடையாக நிற்பது வேறொன்று, மரியாதை. குழுவில் வயதிலோ பதவியிலோ மூத்த அண்ணன் ஒருவரோ அக்கா ஒருவரோ கண்டிப்பாக இருப்பார். அவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் "அண்ணன் சொன்னதுதான்" என்று முடித்துக்கொள்வார்கள். அவர் எழுத்தைப் பார்க்கும் நாளில் யாரும் வாயே திறக்க மாட்டார்கள். இதைச் சொல்லித் திருத்த முடியாது, ஒழுங்குமுறையால்தான் சமாளிக்க முடியும். பேசும் வரிசையை இளையவரிலிருந்து தொடங்குங்கள், மூத்தவர் கடைசி. கூட்டத்துக்கு வரும்போதே ஒவ்வொருவரும் இரண்டு கேள்விகளைத் தாளில் எழுதிக் கொண்டுவரட்டும்; எழுதியதை வாசிப்பது எதிர்த்துப் பேசுவது போலத் தோன்றாது. முதல் சுற்றில் அந்த மூத்தவரின் எழுத்தையே முதலில் எடுங்கள், அதுவும் அரைகுறை எழுத்தாக இருக்கட்டும். அவர் அதற்கு ஒப்பவில்லை என்றால் அவரை ஆலோசகராக எப்போதாவது அழைக்கலாம், உறுப்பினராக வைத்துக்கொள்ள வேண்டாம்.

மொழி பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒருவர் மலாயில், ஒருவர் ஆங்கிலத்தில், இந்திய ஆய்வியல் துறையில் இருப்பவர் தமிழில் எழுதலாம். பேச்சு தமிழில் நடந்தால் போதும். தன் வாதத்தை எழுதிய மொழியைவிட்டு வேறு மொழியில் சொல்லும்போது எங்கே ஓட்டை என்று எழுதியவருக்கே தெரிந்துவிடும். ஆனால் தமிழே படிக்க வராத உறுப்பினரிடம் தமிழ் அத்தியாயத்தைத் திணிக்காதீர்கள், யார் எதைப் படிக்க முடியும் என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். பாதுகாப்பு என்பதில் மூன்று வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன, தீவிரமானது யாரும் பயப்படாத விஷயம்தான். உங்கள் நேர்காணலில் பேசியவர்களைச் சொல்கிறேன். அவர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் "தரவை ஆய்வாளரும் மேற்பார்வையாளரும் மட்டும் பார்ப்பர்" என்று இருந்தால், நேர்காணல் எழுத்துப்படியைக் குழுவுக்குக் காட்டுவது அந்த வாக்கை மீறுவதுதான். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளை நோக்கியது; உங்களைக் கட்டுவது பல்கலைக்கழக ஆய்வு நெறிக் குழு ஏற்றுக்கொண்ட அந்தப் படிவமே. ஆகவே மூலத் தரவைக் கொண்டுவராதீர்கள், ஆய்வேட்டில் அச்சாகப் போகும் வடிவத்தில் உள்ள மேற்கோள்களை மட்டும் கொண்டுவாருங்கள். பெயரை மாற்றினால் போதும் என்றும் நினைக்காதீர்கள். நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தாலும், ஒரு மாவட்டத்தின் பெயரையும், "தலைமையாசிரியை, ஓய்வுபெற இரண்டு ஆண்டு" என்பதையும் சேர்த்து எழுதினால், குழுவில் இருக்கும் ஆசிரியர் அடுத்த நொடியே ஆளைச் சொல்லிவிடுவார். தோட்டக் கோயில் நிர்வாகம், சங்கத் தேர்தல் போன்ற தலைப்புகளில் இது இன்னும் மோசம், பேசியவர் குழுவில் ஒருவருக்கு மாமாவாக இருப்பார். மாவட்டத்தை மாநிலமாக்குங்கள், வயதைப் பத்தாண்டு வரம்பாக்குங்கள், பதவியைப் பொதுவாக்குங்கள், பிறகு அனுப்புங்கள்.

இரண்டாவது, திருட்டு. வேறு துறைக்காரர் உங்கள் தலைப்பைத் தூக்கிக்கொண்டு போவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. தலைப்பைத் தூக்கினாலும் உங்கள் இரண்டாண்டுக் களப்பணியைத் தூக்க முடியாது. ஒரே துறை என்றால் பயத்துக்கு இடமுண்டு. எதையும் புலனத்தில் போடாமல் மின்னஞ்சலில் தேதியோடு அனுப்புங்கள், யாருடைய எழுத்தையும் வெளியே அனுப்புவதில்லை என்று முதல் கூட்டத்தில் ஒரே பக்கத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள். அதே பக்கத்தில் இன்னும் இரண்டு சேர்க்க வேண்டும். அடுத்தவர் எழுத்தை அனுமதியின்றிச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் ஒட்டக் கூடாது. அடுத்தவர் எழுத்தை, பிற எழுத்துகளோடு ஒத்துப்போகிறதா என்று சோதிக்கும் டர்னிட்டின் செயலியில் ஏற்றிச் "சரிபார்த்துத் தருகிறேன்" என்று உதவவும் கூடாது. பின்னதில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: விரிவுரையாளராக இருக்கும் நண்பர் தன் வகுப்புக் கணக்கில் ஏற்றும்போது, சேமிப்பு அமைப்பை மாற்றாமல் விட்டால் அந்த வரைவு டர்னிட்டின் களஞ்சியத்தில் மாணவர் கட்டுரையாகத் தங்கிவிடும். பிறகு நீங்கள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும்போது உங்கள் எழுத்து உங்கள் எழுத்தோடே பெரிய விழுக்காட்டில் ஒத்துப்போவதாக அறிக்கை வரும்.

மூன்றாவது, காப்புரிமையும் (பேட்டண்ட்) நிறுவன நிதியும். ஆய்வகத்தில் புதிய பொருளோ செய்முறையோ உருவாக்குபவர்கள் விண்ணப்பம் போடும் முன் முடிவுகளை வெளியாள்களிடம் காட்டக் கூடாது. மலேசியக் காப்புரிமைச் சட்டத்தில் விண்ணப்பதாரரே வெளிப்படுத்தியதற்கு ஓராண்டுச் சலுகை இருக்கிறது, ஐரோப்பாவில் அப்படிப் பொதுவான சலுகை கிடையாது. இவர்கள் முன்னுரையையும் முந்தைய ஆய்வுகளின் மீளாய்வையும் மட்டும் குழுவுக்குக் கொண்டுவரட்டும். நிறுவனத்தோடு இரகசிய ஒப்பந்தம் போட்டிருப்பவர்களுக்கும் இதே வழிதான்.

கட்டுரை வெளியிடும்போது குழுவினர் பெயரைப் போட வேண்டுமா என்ற பேச்சு எப்படியும் எழும். மருத்துவ இதழாசிரியர்களின் அனைத்துலகக் குழு வகுத்த விதியைப் பல துறைகள் பின்பற்றுகின்றன: ஆய்வின் திட்டத்திலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுவதற்கும் பொறுப்பேற்றல். இந்த நான்கும் சேர்ந்தால்தான் ஒருவர் ஆசிரியர். 35 நிமிடம் கருத்துச் சொன்னவருக்கு நன்றியுரையில் ஒரு வரி, அவ்வளவே.

மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள். ஒளித்துவைத்தால் ஒருநாள் வேறு வழியில் தெரியவரும், அப்போது தப்பாகப் படும். "எழுத்தைப் படித்துக் கேள்வி கேட்கும் குழு, ஆய்வு முடிவுகளை நீங்கள்தான் தீர்மானிப்பீர்கள்" என்று ஒரு மின்னஞ்சல் போதும். குழு சொல்வதும் அவர் சொல்வதும் முரண்பட்டால் அவர் பக்கம்தான் நிற்க வேண்டும், நாளை தேர்வாளர் முன் உங்களோடு அந்த ஆய்வுக்குப் பொறுப்பேற்பவர் அவர். ஆனால் அந்த முரண்பாட்டை அவரிடமே ஒரு கேள்வியாகக் கொண்டுபோகலாம்: "நண்பர்கள் மூவருக்கு இந்த வகைப்பாடு விளங்கவில்லை, தேர்வாளருக்கும் விளங்காதோ?" என்று. இப்படிக் கேட்டால் கோபம் வருவது அரிது. ஆய்வுக் கோட்பாடு, புள்ளியியல் முறைத் தேர்வு, மாதிரி அளவு ஆகியவற்றில் குழு கேள்வி கேட்கலாம், தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒருவர் ஆராய்ச்சியில் சரியாக வந்த முறை இன்னொருவர் தரவுக்குத் தப்பாகப் போகும் இடம் இதுதான்.

ஆதரவு என்று நீங்கள் எழுதியதை நான் சிறிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 முனைவர் பட்ட மாணவர்களிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், 32 விழுக்காட்டினர் மனநலக் கோளாறு இருக்கும் அல்லது வரும் அபாயத்தில் இருந்தார்கள். வேலைச் சுமை, வீட்டையும் படிப்பையும் சமாளிப்பது, மேற்பார்வையாளர் நடந்துகொள்ளும் முறை ஆகியவற்றோடு அது தொடர்புபட்டிருந்தது. 2018இல் வெளியான வேறொரு கணக்கெடுப்பு 2,279 பேரிடம் நடந்தது. மனச்சோர்வும் பதற்றமும் பொதுமக்களைவிட ஆறு மடங்கு என்றது. முதல் எண்ணை நான் அதிகம் நம்புகிறேன். இரண்டாவதில் பதில் சொல்ல முன்வந்தவர்கள் தாங்களாகவே வந்தவர்கள், ஏற்கெனவே சிரமப்படுபவர்கள் அதில் கூடுதலாக இருந்திருக்கலாம். இரண்டும் மலேசியக் கணக்குகள் அல்ல. இந்த மாதிரிக் குழுவால் படிப்பு சீக்கிரம் முடிகிறது என்று சொல்பவர்களையும் கொஞ்சம் தள்ளிவைத்துத்தான் கேட்க வேண்டும். தொடர்ந்து குழுவுக்கு வருபவர்கள் இயல்பிலேயே வேலையைத் தள்ளிப்போடாதவர்களாக இருக்கலாம். குழுவால் உறுதியாகச் செய்ய முடிவது தனிமையைக் குறைப்பது. எட்டுப் பக்கத்தை ஐந்து பேர் பென்சிலோடு படித்திருக்கிறார்கள் என்பதே பெரிய ஆறுதல்.

அதற்குமேல் குழுவால் முடியாது. ஒருவர் தொடர்ந்து தூங்க முடியவில்லை என்கிறார், வரும் கூட்டங்களை எல்லாம் தவிர்க்கிறார், சாவதைப் பற்றி விளையாட்டாகவாவது பேசுகிறார் என்றால், குழுவில் வைத்துப் பேசித் தீர்க்கப் பார்க்காதீர்கள். ஒருவர் தனியாகப் போய் நேரடியாகக் கேளுங்கள், பல்கலைக்கழக ஆலோசனைப் பிரிவுக்குக் கூடவே போங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. மனத்துயரில் இருப்பவர்களின் பேச்சைக் கேட்கும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, இது 24 மணி நேரமும் இயங்குகிறது. இந்த இரண்டு எண்களையும் குழு விவரப் பகுதியில் முன்கூட்டியே போட்டுவையுங்கள், தேவை வந்த பிறகு போட்டால் யாருக்காகப் போட்டது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

மிச்சம் வைத்த அந்த இரண்டு முறைகளையும் ஒரே கூட்டத்தில் சேர்த்து வைவா ஒத்திகை நடத்துவதென்றால், ஆய்வை எடுத்துரைக்க 15 நிமிடம், 40 நிமிடக் கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவர் தேர்வாளர், ஒருவர் தலைவர், ஒருவர் எழுத்தர். எழுத்தரின் வேலை ஒவ்வொரு கேள்வியையும், பதிலின் முதல் வாக்கியத்தையும் அப்படியே எழுதிக்கொள்வது. தடுமாற்றம் எப்போதும் முதல் வாக்கியத்தில்தான் தெரியும். "உங்கள் ஆய்வால் புதிதாகத் தெரிய வந்தது என்ன?" என்ற கேள்விக்கு "அதாவது, நான் இந்தத் தலைப்பை ஏன் எடுத்தேன் என்றால்..." என்று பதில் தொடங்கினால், இன்னும் தயாராகவில்லை என்று பொருள்.

இடம், நேரம். மூன்று பல்கலைக்கழகக்காரர்கள் என்பதால் ஒரு வளாக நூலகத்தின் கலந்துரையாடல் அறையை நம்பினால் மற்றவர்கள் உள்ளே நுழைவதே பாடாகிவிடும். தஞ்சோங் மாலிமிலிருந்தும் செர்டாங்கிலிருந்தும் கொமுட்டர் இரயில், மலாயாப் பல்கலைக்கழகப் பக்கமிருந்து எல்ஆர்டி என எல்லாம் கேஎல் சென்ட்ரலில் கூடுகின்றன. அதையொட்டிய பிரிக்ஃபீல்ட்ஸில் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முன்னால் அமைதியான ஓர் அறையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கோயில் மண்டபமோ சங்க அலுவலகமோ எதுவானாலும் சரி. உணவகம் வேண்டாம், தட்டுச் சத்தத்தில் வரி எண் காதில் விழாது. ஒரு கூட்டம் நேரில், அடுத்தது இயங்கலையில் என்று மாற்றி வைக்கலாம். சூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டிக்கும், கூகல் மீட்டின் இலவசக் கணக்கு மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு மணி நேரத்தில். பல்கலைக்கழகக் கணக்கு வைத்திருப்பவர் கூட்டத்தைத் திறப்பதே நல்லது. ஏழு தேதிகளையும் முதல் நாளே குறித்துவிடுங்கள். பொங்கல், தைப்பூசம், பள்ளித் தேர்வுத் தாள் திருத்தும் வாரங்களைத் தவிர்த்துவிட்டுக் குறியுங்கள். ஒவ்வொரு முறையும் "எல்லாருக்கும் எப்போது வசதி?" என்று வாக்கெடுப்பு வைக்கும் குழு இரண்டாம் மாதத்தைத் தாண்டுவதில்லை.

ஆக, மறுபடி தொடங்கலாம், ஆனால் அதே குழுவை அல்ல. பழைய புலனக் குழுவைக் கலைக்க வேண்டாம், அறிவிப்புப் பலகையாக இருந்துவிட்டுப் போகட்டும். அதில் ஒரே ஒரு செய்தி போடுங்கள்: ஏழு சனிக்கிழமைகள், தேதிகள் இவை, இரண்டு முறை எட்டுப் பக்கம் எழுதித் தர வேண்டும், ஒவ்வொரு முறையும் மற்றவர்கள் எழுதியதைப் படித்துவர வேண்டும், ஒப்புபவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள் என்று. எட்டுப் பேர் வந்தால் நான்கு நான்காக இரண்டு குழு. நான்கே பேர் வந்தால் அதுவே போதும். செமஸ்டர் முடிந்ததும் குழு தானாகக் கலைந்ததாக வைத்துக்கொண்டு, தொடர விரும்புபவர்கள் மறுபடி பெயர் கொடுக்கட்டும். விலக நினைப்பவர் சங்கடமில்லாமல் விலகலாம். குழுவில் மூத்தவர் யாரும் இல்லையென்றால் முதல் கூட்டத்துக்கு உங்கள் பக்கங்களையே அனுப்புங்கள், இன்னும் சிக்கல் தீராத எட்டுப் பக்கமாகப் பார்த்து. இரண்டு மாதம் உட்கார்ந்து பளிச்சென்று திருத்திய பக்கங்களை அனுப்பினீர்களானால், அடுத்து வர வேண்டியவர் தன் எழுத்தை எடுத்துப் பார்த்துவிட்டு "இந்த வாரம் கொஞ்சம் வேலை, அடுத்த முறை தருகிறேன்" என்பார்.